வளவில் கிடக்கும் மரத்தை அரிதல்: செயின்சோவை எப்படி மாற்றியமைப்பது?

பல வருடங்களின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது கூரை. வளவில் சரிந்த வேம்போ, பட்டுப்போன பனையோ கிடக்கலாம். அதை மரக்காலைக்குக் கொண்டுபோக ரக்டர் கூலி கொடுக்க எல்லோராலும் முடியாது. செயின்சோவைச் சற்று மாற்றியமைத்தால், குற்றி கிடக்கும் இடத்திலேயே கைமரமும் கதவு நிலையும் அரிந்து எடுக்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியவை

கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மட்டும் வேலை செய்யுங்கள். பற்றைக்குள் விழுந்த மரமென்றால் இன்னும் கவனம் தேவை. சந்தேகமான பொருள் எதையும் தொடாமல், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். சொந்த வளவு மரமானாலும் பிரதேச செயலகத்தில் கேட்டபின் தொடங்குங்கள். அரிந்த மரத்தை வீதியால் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவைப்படலாம். அதையும் அங்கேயே கேளுங்கள்.

மரத்துக்குள் இரும்பு

எமது பகுதி மரங்களில் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கின்றன. சுழலும் செயின் அதில் பட்டால் பல் உடையும். செயின் அறுந்து ஆளைத் தாக்கவும் கூடும். மரம் உயர்வது உச்சியில்தான். ஆகவே 4 அடி உயரத்தில் பாய்ந்த துண்டு எத்தனை வருடம் போனாலும் அதே 4 அடியில்தான் இருக்கும். ஆனால் வேம்பு போன்ற மரங்கள் பருக்கும்போது காயத்தை மூடிவிடும். பட்டையில் வீக்கம், வடு, வெட்டிய முகத்தில் கருநீலக் கறை ஆகியவற்றைத் தேடுங்கள். பனையும் தென்னையும் அப்படி மூடுவதில்லை. துளை வெளியே தெரியும். சந்தேகமான பகுதியை ஒதுக்கி, அதற்கு மேலும் கீழும் உள்ள துண்டுகளை மட்டும் அரியுங்கள். வெடிக்காத பொருள் மரத்தில் சிக்கியிருப்பதாகத் தோன்றினால் விலகிச் சென்று அறிவியுங்கள்.

செய்ய வேண்டிய மாற்றங்கள்

செயின்: கடையில் வரும் செயின் மரத்தைக் குறுக்கே தறிப்பதற்கானது. அதன் பல் ஏறக்குறைய 30 பாகை சரிவில் தீட்டப்பட்டிருக்கும். நீளவாக்கில் அரிய 10 பாகைச் சரிவு போதும். பலகையின் முகம் ஒப்பரவாக வரும். ஒரே நாளில் அராவித் தள்ளாமல், தீட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக மாற்றுங்கள். எல்லாப் பற்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் இழுக்கும்.

சட்டம்: பாரின் இரு முனைகளையும் இறுகப் பிடிக்கும் இரண்டு கவ்விகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கால்கள், மேலே இரண்டு தண்டவாளங்கள். இரும்பு வேலை செய்பவர் இதைச் செய்து தருவார். கவ்வி செயினில் முட்டக்கூடாது. நுனிச் சில்லையும் நெரிக்கக்கூடாது. தண்டவாளங்கள் பாருக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும்.

எஞ்சின்: நீளவாக்கில் அரியும்போது எஞ்சின் பல நிமிடம் முழு வேகத்தில் ஓடும். 60 சிசிக்குக் குறைந்த இயந்திரம் இதைத் தாங்குவது கடினம். பெற்றோல் போதாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஆகவே சற்றுக் கூடுதலாகப் பெற்றோல் போகும்படி காபரேற்றரை மெக்கானிக்கிடம் சரிசெய்யுங்கள். ஒயில் கலவை கைநூலில் உள்ளபடி இருக்கட்டும். 50க்கு 1 என்றால், 1 லீற்றருக்கு 20 மில்லிலீற்றர்.

பார் ஒயில்: நீண்ட பாரின் நுனிக்கு ஒயில் போதாது. சிறு போத்தலும் குழாயும் பொருத்தி, நுனிப்பக்கம் சொட்டுச் சொட்டாக விழவிடுங்கள்.

ஒருபோதும் மாற்றக்கூடாதவை

- செயின் பிரேக், முன்கைக் காப்பு
- அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி
- திறொட்டில் பூட்டு

அரியும் முறை

குற்றியின் மேல் நேரான ஏணியையோ பலகையையோ அசையாமல் பொருத்துங்கள். ஆணி வெட்டுப்பாதைக்கு எட்டக்கூடாது. முதல் வெட்டுக்கு அதுவே வழிகாட்டி. அடுத்த வெட்டுக்கு அரிந்த தட்டை முகமே போதும். பின்னால் ஆப்பு வைத்துக்கொண்டு போனால் பார் இறுகாது.

ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய முக்கால் அங்குலத்தில் பாதி மரத்தூளாகப் போகும். 11 அங்குலச் சதுரக் கட்டையில் 1 அங்குலப் பலகை 8 தான் கிடைக்கும். இரண்டரை அங்குலத்துக்கு மேல் தூள். ஆகவே செயின்சோவில் கைமரம், தீராந்தி, நிலை போன்ற தடித்தவற்றை அரியுங்கள். பனையின் வைரம் வெளிப்புறத்தில்தான். நடுச்சோற்றியைப் பாரம் தாங்கும் இடத்துக்குப் பயன்படுத்த வேண்டாம்.

சாரத்துடன் அரிய வேண்டாம். நீளக் காற்சட்டை, சப்பாத்து, கண்ணாடி, காதுக் காப்பு அணியுங்கள். தனியே செய்யாதீர்கள், பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் ஊற்றாதீர்கள்.

அரிந்த மரத்தை நிழலில், இடையிடையே சலாகை வைத்து, காற்றோட்டமாக அடுக்குங்கள். பச்சை மரத்தில் போட்ட கூரை பின்னர் வளையும். அதுவரை தற்காலிகக் கூரையின் கீழ் பொறுத்திருப்பது நல்லது.

இதுவரை செயின்சோ பிடிக்காதவர் இந்தப் பக்கத்தை மட்டும் வாசித்துத் தொடங்க வேண்டாம். ஊரில் அனுபவமுள்ள ஒருவரை அழைத்து, முதல் குற்றியை அவரோடு அரியுங்கள்.