அடுக்களையில் ஒரு நொடி

தெற்கிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் புகையிரதம் ஆனையிறவுக் கடல்நீரேரியைக் கடந்து சிறிது தூரம் ஓடியதும், பாதையின் இரு மருங்கிலும் தென்னந்தோட்டங்கள் தோன்றும். பச்சிலைப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த பளை அது. தென்னைக்குப் பெயர் பெற்ற ஊர். பனையும் அங்கே குறைவில்லை. தேங்காயும் அரிசிமாவும் உள்ள வீட்டில் காலையிலோ மாலையிலோ புட்டு அவியும். அவ்வூர்ப் பெண்மணி ஒருவரிடம் சென்று, புட்டு அவிப்பது எப்படி என்பதை ஒரு புதிராக அமைத்து, அதனை விடுவிப்போருக்கு ஒரு விளையாட்டாகக் கடையில் விற்கிறார்கள் என்று சொன்னால், அவர் சிரிப்பார். சிரிப்பது நியாயமே. ஆயினும் 2023ஆம் ஆண்டில் அப்படியொரு விளையாட்டு வெளிவந்தது. உலகின் பல நாடுகளில் அதனை விளையாடினார்கள்; பாராட்டினார்கள்; குறையும் கூறினார்கள். அந்த அபிப்பிராயங்கள் எவ்வாறு வேறுபட்டன, எதனால் வேறுபட்டன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

விடுகதையை ஈழத்துத் தமிழர் நொடி என்பர். நொடிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: ஒரு முறை அவிழ்ந்தால் அதனை மீண்டும் முடிய இயலாது. நாயும் புலியும் ஆடுகிறவர் நூறு முறை ஆடலாம், தாயமும் அத்தகையதே. எதிரே இருப்பவர் மாறுவார், உருளும் சோகி மாறும், ஆட்டமும் மாறும். நொடியோ விடை தெரியும்வரை ஒரு பொருள், விடை தெரிந்தபின் வேறொரு பொருள். ஆதலின் புதிர் விளையாட்டுக்களைப் பற்றிய மதிப்பீடு பெரும்பாலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. தொடக்கத்தில் எளிதென்று தோன்றியது நடுவில் கொடுமையாகும். நடுவில் வெறுத்தது முடிவில் இனிக்கும்.

பெருங்கம்பனிகளின் துணையின்றி ஓரிருவரோ சிறு குழுவினரோ ஆக்குகின்ற கணினி விளையாட்டுக்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். பின்லாந்து நாட்டினரான ஆர்வி தெய்க்காரி என்பவர் 2019இல் வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’ இதற்கு நல்ல சான்று. அதில் விளையாட்டின் விதிகளே சொற்களாகப் பலகையின்மேல் கிடக்கும். சொல்லைத் தள்ளி இடம் மாற்றினால் விதியும் மாறிவிடும். சுவர் தடுக்கும் என்னும் வாக்கியத்தைக் கலைத்துவிட்டால் சுவர் தடுக்காது. குழந்தைச் சித்திரம் போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு சிறுவர்க்குரியதென்று தொடங்கியவர்கள், மேற்செல்லச் செல்லத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

புட்டைப் புதிராக்கிய விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் அதனை ஆக்கியது. தமிழ்நாட்டிற் பிறந்து இளமையிலேயே கனடா சென்ற அபி என்பவர் அதனை இயக்கினார். 2023 ஜூலை 31ஆந் தேதி கணினிக்கும், நிண்டெண்டோ, பிளேஸ்டேசன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய விளையாட்டுப் பொறிகளுக்கும் உரியதாக அது வெளியாயிற்று.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பா என்னும் பெண்ணும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறியவர்கள். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கையில் வெண்பா கருவுற்றிருப்பதை அறிகிறாள். பிறக்கும் மகன் கவின் ஆங்கிலத்தில் வளர்கிறான். தாயின் மொழியும் உணவும் அவனுக்குக் கூச்சத்தைத் தருகின்றன. ஆண்டுகள் ஓடுகின்றன. பாவலன் இறக்கிறான். வெண்பா தாய்நாடு திரும்புகிறாள். மகன் அவளைத் தேடிச் செல்கிறான். கதை இவ்வளவே.

விளையாட்டு எங்கே இருக்கிறதெனில், அடுக்களையில். வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையற் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் கறைபட்டும் எழுத்து அழிந்தும் போன ஏடு அது. எஞ்சிய வரிகளையும் பாத்திரங்களின் அமைப்பையும் கொண்டு, விடுபட்ட படியை விளையாடுகிறவர் ஊகித்தறிய வேண்டும். இட்டலித் தட்டுக்களை எவ்வாறு அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் செல்லும்? புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எம்முறையில் இடப்பட வேண்டும்? பிரியாணிக்கும் இவ்வாறே. பிழைவிட்டால் தண்டனை கிடையாது, மறுபடியும் செய்யலாம்.

வெளிவந்த நாட்களில் எழுந்த குறைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, விளையாட்டு மிகக் குறுகியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மற்றொன்று, புதிர்கள் மிக எளியவை. இவ்விரண்டையும் புறந்தள்ளிவிட முடியாது. பணங்கொடுத்து வாங்குகிறவர் நேரத்தைக் கணக்கிடுவது இயல்பு; பல மணி நேரம் மூளையைக் கசக்க விரும்பியவருக்கு இதில் வேலை இல்லை என்பதும் மெய்யே. விளையாட்டைப் பெரிதும் புகழ்ந்த விமரிசகர்களிலும் பலர், இன்னும் சில உணவுகளாவது இருந்திருக்கலாம் என்று எழுதினர்.

குறுமையைப் பற்றித் தமிழ் நேயர் வேறு விதமாகவும் எண்ணிப் பார்க்கலாம். விளையாட்டின் பெயர் வெண்பா. பாவினங்களுள் கட்டுப்பாடு மிக்கது வெண்பாவே. ஏனைய அடிகளெல்லாம் நாற்சீராய் வர, ஈற்றடி மட்டும் மூன்று சீரில் நின்றுவிடும். நான்காம் சீரை எதிர்நோக்கிய செவி சற்றே ஏமாறும். அந்த ஏமாற்றத்திலேதான் வெண்பாவின் முடிவு அழகு பெறுகிறது. குறள் வெண்பா ஏழே சீர். ஏழு சீர் போதாது என்று திருவள்ளுவரிடம் எவரும் முறையிட்டதில்லை. இவ்வொப்புமையை ஆக்கியோர் எண்ணித்தான் பெயரிட்டனர் என்று சாதிக்க வேண்டியதில்லை. கணவனுக்குப் பாவலன் என்று பெயர் வைத்தவர்களுக்கு யாப்பு முற்றிலும் புறம்பாயிருந்திராது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

எளிமையைப் பற்றிய குறையோ இன்னும் ஆழமாக நோக்கத்தக்கது. எவருக்கு எளிது? இட்டலிச் சட்டியை வாழ்நாளிற் கண்டிராத ஒருவர், நடுவிலே தண்டு நிற்க, குழிகளும் துளைகளும் உடைய தட்டுக்களை முதன்முதலாக நோக்கும்போது, அஃது உண்மையாகவே ஒரு புதிர். ஆவி எவ்வழி ஏறும் என்று அவர் சிந்திக்கிறார், சிந்தித்து விடை காண்கிறார், கண்டதும் மகிழ்கிறார். இட்டலியில் வளர்ந்தவருக்கோ அங்கே புதிரே இல்லை. கை தானாகச் செல்கிறது. ஆனால் கை அவ்வாறு செல்லும் கணத்தில் அவருக்கு வேறொன்று நேர்கிறது. தம் வீட்டு அடுக்களை, தம் தாயின் முதுகு, குழல் நுனியிலிருந்து வரும் ஆவியின் மணம் ஆகியன அங்கே வந்து நிற்கின்றன. பல நாடுகளிலும் வாழும் தமிழர்கள் இவ்விளையாட்டைக் கண்டு நெகிழ்ந்ததற்கு இதுவே காரணம். முன்னவர் புதிரை விடுவித்தார். பின்னவர் நினைவை மீட்டார். இருவரும் ஒரே பொருளைத்தான் விளையாடினார்கள் என்று சொல்வது கடினம்.

இனி, ஒருவருடைய அபிப்பிராயமே விளையாட்டின் உள்ளே மாறுவதற்கும் இடமிருக்கிறது. தொடக்கத்தில் சமைப்பவள் வெண்பா. ஏட்டிற் பாதி அழிந்திருந்தாலும் மீதி அவள் நினைவில் இருக்கிறது. பிற்பகுதியில் சமைப்பவன் கவின். தமிழைத் தட்டுத் தடுமாறி வாசிப்பவன் அவன். அதே ஏடு, அதே அடுப்பு. அழிவு இப்போது தாளில் மட்டுமன்று, வாசிப்பவனிடத்தும் நேர்ந்திருக்கிறது. புதிர்கள் எளிது என்று முன்பு அலுத்துக்கொண்டவர் இவ்விடத்தில் சற்றே நிதானிக்க வேண்டியிருக்கும். முன்பு எளிதாயிருந்தது ஏன் என்பதே அப்போதுதான் விளங்கும்.

கேள்விப்புலனுக்கும் இதில் விருந்துண்டு. வானொலி நேயர்க்கு அது உவப்பான செய்தி. சமையல் தொடங்கும்போது அடுக்களையில் வானொலிப் பெட்டி பாடத் தொடங்கும். பாடல்கள் எல்லாம் இவ்விளையாட்டுக்கென்றே புதியனவாக இயற்றப்பட்டவை. ஆயின் அவ்வக்காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் அமைந்தவை. ஆண்டு மாற மெட்டின் போக்கும் மாறும். மாவைக் குழைத்துக்கொண்டே பாட்டுக் கேட்டுப் பழகிய நம்மவர்க்கு இது புதுமையன்று. அந்நியர்க்கோ விளையாட்டில் மிகவும் பிடித்தவற்றுள் ஒன்றாக அதுவே அமைந்தது.

2024ஆம் ஆண்டில் மதிப்பீட்டுத் தராசு ஒரு பக்கம் நன்றாகவே தாழ்ந்தது. மார்ச் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் சுயாதீன விளையாட்டுக்களுக்கென வழங்கப்படும் தலைமைப் பரிசு வெண்பாவுக்குக் கிடைத்தது. அடுத்த மாதம் லண்டனில், பாஃப்டா எனப்படும் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழகம், முதன்முதலாக விளையாட்டு வெளியிடுவோர்க்குரிய விருதை அதற்கு அளித்தது. இப்பரிசுகள் குறைகளை இல்லாமற் செய்துவிடவில்லை. ஒன்றரை மணி நேரம் இன்னமும் ஒன்றரை மணி நேரமே. எனினும் நீளத்தையும் கடுமையையும் மட்டுமே அளவுகோலாகக் கொள்ளாதவர்களும் நடுவர் ஆசனத்தில் இருக்கிறார்கள் என்பது புலப்பட்டது.

இவையெல்லாம் ஒரு புறமிருக்க, பளைப் பெண்மணியின் சிரிப்பை மறந்துவிடலாகாது. அவர் இவ்விளையாட்டைப் பார்ப்பாராயின் முதலிற் கேட்கும் கேள்வி, ‘நீத்துப்பெட்டி எங்கே?’ என்பதாகவே இருக்கும். பனையோலையில் கூம்பு வடிவாக இழைக்கப்படும் நீற்றுப்பெட்டி வடபுல அடுக்களைக்கே உரியது. குழற்புட்டும் அங்கு உண்டு. ஆனால் பெட்டியிலே அவிக்கும் முறை வேறு. அதற்குத் துளைத் தட்டு வேண்டியதில்லை; ஓலையின் இழைகளுக்கிடையே ஆவி ஏறும். பானையின் வாய்க்கும் பெட்டிக்கும் இடையே ஆவி கசியாதபடி துணியைச் சுற்றிவிடுவர். வறுத்த மாவைச் சுடுநீர் தெளித்துக் குழைத்து, வெறும் பேணியின் விளிம்பாற் கொத்திச் சிறு மணிகளாக்கி, திருவிய தேங்காயைக் கலந்து பெட்டியிலே இடுவர். ஆகவே விளையாட்டு ஏற்கும் விடை அவருக்கு ஒரு விடையேயன்றி, அதுதான் விடை என்று ஆகாது. இதனை விளையாட்டின் குறையாகச் சொல்வதற்கில்லை. அது தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றின் கதை. ஒரு வீட்டின் ஏடு.

ஆனால் ரொறன்ரோவின் தமிழரில் மிகப் பலர் ஈழத்தின் வடக்குக் கிழக்கிலிருந்து சென்றவர்கள். வெண்பாவும் பாவலனும் கதையில் தோன்றும் 1988ஆம் ஆண்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1986 ஆகஸ்டில், இலங்கைத் தமிழ் அகதிகள் 155 பேர் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்தபோது கனடிய மீனவர்களால் மீட்கப்பட்டனர். அவர்கள் பெட்டி கட்டி, ஏடெடுத்து வைத்துப் புறப்பட்டவர்கள் அல்லர். பளையிலிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலையும் அதுவே. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவைச் சூழ்ந்து நடந்த போர் அப்பகுதியைக் கலைத்தது. தென்னைகள் தலையிழந்தன. அடுத்துள்ள முகமாலை நெடுங்காலம் கண்ணிவெடிப் புலமாய்க் கிடந்து, போர் முடிந்தபின் பல ஆண்டுகள் முயன்று சிறிது சிறிதாக வெடி அகற்றப்பட்டது. கிழிந்த குறிப்பேடு ஒன்றையாவது கையில் வைத்திருக்கும் வெண்பா, இவர்களோடு ஒப்பிடுகையில் செல்வமுடையவளே.

எழுதாத சமையலில் எந்தப் படி விடுபடும் என்பதற்கு ஒடியற்புட்டைக் காட்டலாம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவிலே இயற்கையான கசப்பு உண்டு. மாவை நீரிலிட்டு ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, பிழிந்தெடுத்த பின்னரே புட்டுக்குக் கொத்த வேண்டும். செய்கிறவர்களுக்கு இது சொல்ல வேண்டாத செய்தி. ஆதலாற் சொல்லாமலே விடுவார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ தமிழ்க் கடையொன்றில் ஒடியல் மா வாங்கிய பேத்தி, ஏனைய எல்லாவற்றையும் பிழையறச் செய்து, கசக்கும் புட்டோடு நிற்பாள். இவ்வளவு நல்ல புதிரை எந்தக் கணினி விளையாட்டுக்காரரும் கற்பனையாகப் புனைந்துவிட இயலாது.

1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 மார்ச்சில் மீண்டும் பளை வரை வந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் எட்டியது. கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் அந்நிலையத்தில் இறங்கி, தென்னந்தோப்புகளினூடாக உறவினர் வீடுகளுக்குச் செல்கிறார்கள். அவர்களுள் ஒருத்தி கைப்பேசியில் குறிப்பெடுத்துக்கொண்டே அம்மம்மாவிடம் மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்கலாம். கைப்பதத்துக்கு என்று அம்மம்மா சொல்வார். எந்தக் கையின் பதம் என்பதே அடுத்த கேள்வி.