நுரையீரல் அனுப்பும் செய்தி



நாம் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில், ஆயர் குரோ வட்டாரத் தோட்டமொன்றில் ஒரு பெரியவர் இருந்தார். பால் வாளிகளோடு மேட்டில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவார். “வேலைக்குக் கள்ளம்” என்று மண்டோர் ஏசுவார். நாமும் அப்படித்தான் நினைத்தோம். இரவில் அவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

நுரையீரலுக்கு வாய் இல்லை, நரம்பு உண்டு. மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குவது வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் பெரும்பாலானவை செய்தியைக் கீழிருந்து மேலே கொண்டு செல்பவை. காற்று நிறைந்து நுரையீரல் விரிந்தால், மூச்சுக் குழாய்ச் சுவரிலுள்ள நரம்பு முனைகள் இழுபட்டு, ‘போதும்’ என்று சொல்லி அனுப்பும். ஹெரிங், பிராயர் என்னும் இருவர் 1868இல் வெளியிட்ட உண்மை இது. கைக்குழந்தைகளிடம் இது வலுவாக இருக்கும். புகை பட்டதும் இருமுகிறோமே, அது வேறு முனைகளின் வேலை.

இன்னொரு வகையும் உண்டு. அதைக் கண்டவர் பர்மாவில் 1925இல் பிறந்த இந்திய அறிஞர் பெயிண்டல். வேகஸ் நரம்பை முடியிலும் மெல்லிய இழைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓடும் மின் துடிப்பைப் பதிவு செய்தார். எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்! 1955இல் அவர் விவரித்த முனைகளுக்குப் பின்னர் ‘ஜே முனைகள்’ என்று பெயர் வந்தது. காற்றறைகளைச் சுற்றியுள்ள இரத்த நுண்குழாய்களை ஒட்டி அவை இருக்கின்றன.

இருதயம் தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்கும். நுண்குழாயிலிருந்து நீர் கசிந்து பக்கத்துத் திசு ஊறும். உடனே ஜே முனைகள் செய்தி அனுப்பும். மூச்சு சிறிதாகி, வேகமாகும். விலங்குகளில் செய்த சோதனையில் கால் தசைகளும் தளர்ந்தன. ‘மேலே நடக்காதே’ என்று உடம்பே தடுக்கும் ஏற்பாடு இது என்பது பெயிண்டலின் கருத்து. மனிதரிடம் கால் தளர்வதற்கு இது எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர்களிடையே வேறுபாடு உண்டு. மூச்சு முட்டுவதோ உண்மை. அது சோம்பல் அன்று.

படுக்கும்போது காலிலுள்ள இரத்தம் நெஞ்சுக்குத் திரும்புவதால் தேக்கம் கூடும். அதனால்தான் பெரியவர் சாய்ந்து தூங்கினார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கணுக்கால் வீங்குகிறதா? கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ‘களைப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார், எத்தனை படி ஏறியதும் நிற்கிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.