இறாலைத் தொடாதவருக்கு இறால் அலர்ஜியா?

வாழ்க்கையில் ஒருமுறைகூட இறால் சாப்பிடாதவருக்கு இறால் அலர்ஜி டெஸ்ட்டில் பாசிட்டிவ் வருமா? வரும்.

ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் மத விதிப்படி இறால், நண்டைத் தொடமாட்டார்கள். அவர்களில் தூசி உண்ணி அலர்ஜி உள்ள சிலரிடம் செய்த ஆய்வு ஒன்று 2003ல் வெளியானது. அவர்கள் ரத்தத்தில் இறால் புரதத்தைப் பிடிக்கும் ஐஜிஇ ஆன்டிபாடி இருந்தது! அந்த ரத்தத்தோடு முதலில் உண்ணியின் சாற்றைக் கலந்தால், ஆன்டிபாடிகள் அதிலேயே ஒட்டிக்கொண்டன. இறாலைப் பிடிக்க மிச்சம் இல்லை. ஆக, பழக்கிவிட்டது இறால் இல்லை, உண்ணி.

தூசி உண்ணி நம் மெத்தையில், உதிரும் தோல் துகளைத் தின்று வாழ்வது. கண்ணுக்குத் தெரியாது. கடலுக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, இறால், நண்டு, கரப்பான், உண்ணி எல்லாமே கணுக்காலிகள். இவற்றின் தசையில் ட்ரோபோமயோசின் என்றொரு புரதம். நீளம் 284 அமினோ அமிலங்கள். இறாலுக்கும் உண்ணிக்கும் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் அப்படியே ஒன்று. (எங்க தொழில் பாஷையில், ஒரே பழைய லைப்ரரியை இரண்டு புராஜெக்டிலும் போட்டிருக்கிறார்கள்.) ஆன்டிபாடி பெயரைப் பார்ப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கிறது. ஆடு, கோழி தசையிலும் இதே புரதம் உண்டு, ஆனால் அது நம்முடையதைப் போலவே இருப்பதால் உடம்பு கண்டுகொள்வதில்லை. மீன் அலர்ஜி வேறு கதை. அங்கே முக்கியக் குற்றவாளி பார்வால்புமின் என்ற புரதம்.

அப்போ தூசி அலர்ஜிக்காரர்கள் இறாலை விட்டுவிடணுமா? வேண்டாம். பெரும்பாலோருடைய ஆன்டிபாடி குறிவைப்பது உண்ணியின் கழிவில் உள்ள டெர் பி 1 போன்ற புரதங்களை. ட்ரோபோமயோசினைக் குறிவைப்பவர்கள் சிறுபான்மை. அவர்களிலும் பலர் இறாலை நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் ஆன்டிபாடி இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ரிப்போர்ட்டைப் பார்த்தே ஒரு குழந்தையின் தட்டிலிருந்து உணவுகளை வரிசையாக எடுத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் இறால் சாப்பிட்டு உதடு வீங்கியவர், மூச்சு திணறியவர் கணக்கே வேறு. நன்றாக வேகவைத்தால் போயிடும் என்பது இங்கே எடுபடாது, ட்ரோபோமயோசின் சூட்டைத் தாங்கும். கொதிக்கும் இறாலின் ஆவியிலேயே சிலருக்கு இழுப்பு வரும். இவர்கள் வீட்டில் "கொஞ்சம் தின்னு பார்ப்போம்" என்று இறங்கவே கூடாது. மருத்துவமனையில் டாக்டர் பக்கத்தில் இருக்க, மிகச் சிறிய அளவில் தொடங்கிக் கொடுத்துப் பார்ப்பார்கள்.