நூறு வயதுச் சிலைக்குச் சட்டம் உண்டு, மரத்துக்கு?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் சிவன் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலுக்கு நிலம் விட்டதையும், பாலாற்றிலிருந்து கால்வாய் வெட்டியதையும், மண்டபத்தில் பாரதம் வாசிக்கப் பங்கு ஒதுக்கியதையும் கூரம் செப்பேடு சொல்கிறது. அவ்வூரில் கிடைத்த நடராசர் திருமேனி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலையையும் ஏட்டையும் இப்படி எடுத்துப்போய்ப் பத்திரப்படுத்தலாம். முதுமரத்தை நின்ற இடத்திலேயேதான் காப்பாற்ற வேண்டும்.

நூறு ஆண்டு கடந்த சிலையை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் காக்கிறது. அதே வயதுள்ள மரத்துக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அப்படியொரு சட்டம் கிடையாது. மகாராஷ்டிரம் 2021இல் தன் நகர்ப்புற மரச் சட்டத்தைத் திருத்தி, 50 வயது தாண்டியவற்றைப் பாரம்பரிய மரங்கள் என்று அறிவித்தது. நம் மாநிலத்தில் 2022இல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாயின. நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த ஏற்பாடு நிலப்பரப்புக்கு உரியது. ஊர் நடுவே ஒற்றையாய் நிற்கும் மரம் அதில் அடங்காது.

காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமான மாமரத்துக்கு வயது 3500 என்பார்கள். நான்கு கிளைகளும் நான்கு வேதங்கள், கனிகளுக்கு நான்கு சுவை என்பது ஐதிகம். மாமரம் சில நூறு ஆண்டுகள் வாழக்கூடியது. ஆகவே 3500 என்பதைத் தனியொரு அடிமரத்தின் வயதாகக் கொள்ள முடியாது. இப்போது நிற்பது பழைய மரத்தின் வழிவந்த இளமரம் என்று கோயிலில் சொல்கிறார்கள். இதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை என்பேன். ஒரு மரம் தளர்ந்தால் அதே இடத்தில் அதன் வாரிசை வளர்க்கும் மனம்தான் இங்கே மரபு.

எருசலேமின் கெத்செமனே தோட்டத்து ஒலிவ மரங்களும் இதையே காட்டுகின்றன. அங்கே எட்டு முதுமரங்கள் உண்டு. 2012இல் வெளியான ஆய்வில் அவற்றில் மூன்றின் தண்டுக்கு மட்டுமே வயது கணிக்க முடிந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு என்று வந்தது. மற்றவற்றின் உள்மரம் மட்கிப் பொந்தாகிவிட்டது. வளையம் எண்ணுவதற்கும் கரிமக் கணிப்புக்கும் வேண்டிய நடுப்பகுதியே அங்கு இல்லை. ஒலிவம் அடிமரம் போனாலும் வேர்க்கட்டையிலிருந்து துளிர்க்கும் என்பதால் வேருக்கு வயது கூடுதலாக இருக்கலாம். எட்டு மரங்களின் மரபணுவும் ஒன்றே என்பதுதான் என்னை நிறுத்திய செய்தி. யாரோ ஒரு தாய்மரத்தின் போத்துகளை வெட்டி அங்கே நட்டிருக்கிறார்கள். மாவில் ஒட்டுக்கட்டுவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. விதை போட்டால் குணம் மாறக்கூடும், ஒட்டில் தாயின் குணம் அப்படியே வரும்.

சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகள் ஊன்றியிருந்ததால் மரம் இன்னும் நிற்கிறது. மாவுக்கும் வேம்புக்கும் புளிக்கும் விழுது இல்லை. அவற்றுக்கு அடிமரமும் வேரும்தான் கதி.

அந்த வேருக்கு நாம் செய்வதைப் பாருங்கள். பல கோயில்களில் தலமரத்தின் தூர் வரை சிமெண்ட் மேடை. தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே, கிளை நிழலுக்கு வெளியேயும் பரவியிருக்கும். மேலே தளம் போட்டால் காற்றும் மழைநீரும் உள்ளே இறங்காது. வேர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்போதுதான் நமக்குத் தெரியவரும். பட்டையை ஒட்டி ஏற்றும் விளக்கின் சூடு, பெயர்ப்பலகை மாட்ட அடிக்கும் ஆணி, தொட்டில் கட்டிய நைலான் கயிறு கிளை பருக்கப் பருக்க உள்ளே இறுகுவது, எல்லாம் பக்தியின் பெயரால் நடக்கிறது. மேடையைப் பெயர்த்து மண் தெரிய விட்டு, விளக்குக்குத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கினால் பாதிக் கேடு நீங்கிவிடும். கூடவே கோயில் நிர்வாகம் ஆண்டுக்கொருமுறை தாவரவியல் தெரிந்த ஒருவரை அழைத்து, மரத்தின் சுற்றளவு, பொந்து, பூச்சி, காய்ந்த கிளை எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். நல்ல கிளையிலிருந்து ஓர் ஒட்டுக்கன்றும் கட்டி வளர்க்க வேண்டும்.