இருப்புப்பாதையும் இயங்குதளமும்

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், திருவரங்கம் வழியே திருச்சிராப்பள்ளியை அடையும் இருப்புப்பாதை, இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் ஒரு மீட்டர் அகலமுடையதாய் இருந்தது. ஈரோட்டிலிருந்து வரும் பாதையின் அகலமோ 1,676 மில்லிமீட்டர். ஒன்றிற்கெனச் செய்த வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆதலின், சரக்கு மேற்செல்ல வேண்டுமாயின் வண்டி மாற்றியே ஏற்றுதல் வேண்டும்.

கணினியிலும் இத்தகைய தடை உண்டு. கணினியின் உறுப்புகளை ஆள்வது இயங்குதளம். கோப்பைத் திறக்கவும் திரையில் எழுதவும் மென்பொருள் அதனிடமே உதவி வேண்டும். விண்டோசிடம் வேண்டும் முறை வேறு; லினக்சிடம் வேண்டும் முறை வேறு. எனவே, ஒன்றிற்கென எழுதிய மென்பொருள் மற்றொன்றில் தானே இயங்காது.

இத்தடையை நீக்க இருவழிகள் உள்ளன. 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற வைன் என்னும் மென்பொருள், விண்டோஸ் முறையில் எழும் வேண்டுகோளை லினக்ஸ் முறைக்கு உடனுக்குடன் மாற்றித் தருகின்றது. இது மொழிபெயர்ப்பாளர் செய்யும் தொண்டினை ஒத்ததாகும். மற்றொரு வழி, கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியை அமைத்து, அதில் வேறோர் இயங்குதளத்தை நிறுவுதல். முன்னதில் எல்லா மென்பொருளும் செவ்வனே இயங்குவதில்லை. பின்னதற்கு நினைவகம் மிகுதியாக வேண்டும்.

இருப்புப்பாதைகள் பிற்காலத்தில் ஒரே அகலமாயின. இயங்குதளங்களோ இன்றும் பலவாகவே உள்ளன. பழைய மென்பொருளைக் கொண்டு ஒருவர் அரிதின் எழுதிய கணக்கும் நூலும், இயங்குதளம் மாறியது ஒன்றாலேயே படிக்க இயலாமற் போதல் தகுமோ? அவற்றைக் காத்தலே இவ்விருவழிகளாலும் விளையும் பெரும்பயன் ஆகும்.