மறதி நோயின் இழைகள்

கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆயுள் முழுதும் கொழுந்து பறித்த மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். மலையின் ஒவ்வொரு நிரையையும் அறிந்த அவள், ஒருநாள் தன் லயத்துக்குத் திரும்பும் வழி தெரியாது நிற்கிறாள். பின்னர் பெற்ற மகளின் பெயரையும் மறக்கிறாள். "வயது போனால் இப்படித்தான்" என்பர் சிலர். "பரம்பரை நோய், பேத்திக்கும் வரும்" என்று கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டிலேயே முணுமுணுப்பர் வேறு சிலர். இவற்றில் உண்மை எவ்வளவு?

1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், இந்நோயால் வருந்தி இறந்த பெண்ணொருத்தியின் மூளையை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தார். நரம்புக் கலங்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே நார்ச் சிக்கல்களையும் கண்டார். படிவு அமிலோயிட் பீற்றா என்னும் புரதத்தால் ஆனது. சிக்கல் டௌ என்னும் புரதத்தால் ஆனது. இது பல்லாண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று.

புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை. நோயுற்ற மூளையில் இம்மாலைகள் ஒரே விதமாக மடிந்து, தட்டின்மேல் தட்டு அடுக்கியதுபோல் சேர்ந்து இழையாகின்றன. ஒரு மில்லிமீற்றரை இருபது இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே இரு தட்டுகளுக்கிடையேயுள்ள தூரம்!

இத்துணை நுண்ணிய மடிப்பைக் காண, இழைகளை நொடியில் உறையவைத்து, இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்துக் கணினியால் ஒன்றிணைக்கின்றனர். சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணன் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்திலே, இம்முறையால் 2017இல் டௌ இழையின் அமைப்பு வெளிப்பட்டது. அதன் மடிப்பு பிறைபோல் வளைந்தது. பரம்பரையாக நோயுற்றோரிடமும் ஏனையோரிடமும் அம்மடிப்பு ஒன்றே என்பது 2018இல் தெரியவந்தது.

அமிலோயிட் இழையின் கதையோ வேறு. 42 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதம், பாம்பு நெளிவதுபோல் மடிந்து, இரண்டு இரண்டாக இணைகின்றது. அதில் இரு வகைகள் உள்ளன என்று 2022இல் அறியப்பட்டது. முதல் வகை பெரும்பாலும் பரம்பரைச் சார்பற்ற நோயாளரிடமும், இரண்டாம் வகை பரம்பரை நோயாளரிடமும் வேறு சில நோயுற்றோரிடமும் காணப்பட்டது. சோதனைக் குழாயில் வளர்த்த இழைகளோ மூளையில் கண்ட இழைகளை ஒத்திருக்கவில்லை. பூட்டைப் பாராது சாவி செய்ய முடியுமா? இழையைப் பற்றும் மருந்தைத் தேடுவோர்க்கு அதன் மெய்யான வடிவம் வேண்டும்.

இனி, பேத்தியின் கேள்விக்கு வருவோம். மூன்று மரபணுக்களுள் ஒன்றில் பிழை நேர்ந்தால் இந்நோய் நேரடியாகத் தலைமுறைக்கு இறங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு உண்டு. அத்தகையோர்க்கு நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தோன்றிவிடும். ஆனால் அல்சைமர் நோயாளர் நூறு பேரில் ஒருவர்கூட இவ்வகையினர் அல்லர். முதுமையில் நோயுற்றவரின் உறவினர்க்கு அபாயம் சற்றுக் கூடலாம். அது நிச்சயமான விதி அன்று.

மேலும், மறதியெல்லாம் அல்சைமர் நோயும் அன்று. தைரொயிட் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஆகவே மூதாட்டியை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே முதற் கடமை. அவள் மறதியைக் காட்டிப் பேத்தியின் கல்யாணத்தைத் தடுப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.