பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வீட்டுத் தோட்டம்: அன்றும் இன்றும்

கொல்லை என்ற சொல் மானாவாரி நிலத்தையும் குறிக்கும். வீட்டின் பின்புறத்தையும் குறிக்கும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை இவ்விரண்டு கொல்லைகளும் சேர்ந்தே குடும்பத்தின் அடுப்பை நிறைத்து வந்தன. இன்று காட்டுக் கொல்லையில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. வீட்டுக் கொல்லையில் பல இடங்களில் சிமெண்டுத் தளம் வந்துவிட்டது. அதே வேளையில், நகரங்களில் மொட்டை மாடியில் பைகளை அடுக்கிக் கத்தரியும் தக்காளியும் வளர்க்கும் புதிய தோட்டக்காரர்கள் பெருகி வருகின்றனர். இந்த மாற்றம் ஏன் ஏற்பட்டது, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், இன்றைய நிலையில் ஒரு குடும்பம் என்ன செய்ய இயலும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அன்றைய புழக்கடைத் தோட்டம்

அன்று வீட்டுத் தோட்டத்தின் முழுப் பொறுப்பும் பெண்களிடம், குறிப்பாக வீட்டின் மூத்த பெண்களிடம் இருந்தது. குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் ஓடும் வழியில் வாழையும் சேம்பும் நிற்கும். வேலியோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளரும். ஆடியில் ஊன்றிய அவரை பந்தலில் ஏறும். பூசணியும் சுரையும் கூரையின் மேல் படரும். இதற்கெனத் தனியாகப் பணம் எதுவும் செலவிடப்படவில்லை. முற்றிய காயில் எடுத்த விதையைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி அடுத்த பட்டத்திற்கு வைத்துக் கொண்டனர். அண்டை வீட்டாருடன் விதையை மாற்றிக் கொள்வதும் வழக்கம்.

ஆடியில் அவரை ஊன்றுவதற்கு அறிவியல் காரணம் உண்டு. பந்தல் அவரையின் நாட்டு வகைகள் பகல் நேரம் குறையும் பருவத்தில்தான் பூக்கும் தன்மை உடையவை. ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசி மழையில் கொடி நன்கு படர்ந்து, பகல் குறுகும் கார்த்திகையில் பூத்து, தை, மாசி வரை காய் கொடுக்கும். சித்திரையில் விதைத்தாலும் கொடிதான் வளருமே தவிரப் பூ வருவது அந்தப் பருவத்தில்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி இதற்கும் பொருந்தும்.

காட்டுக் கொல்லை கொடுத்த கீரை

வீட்டுத் தோட்டம் சிறியதாக இருந்தும் அன்று கீரைக்குக் குறைவில்லை. காரணம், கீரையில் பெரும் பகுதி வயலிலிருந்தே வந்தது. சோளம், கம்பு, வரகு, நிலக்கடலை ஆகிய பயிர்களுக்குக் களை எடுக்கச் செல்லும் பெண்கள் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை முதலியவற்றை மடியில் பறித்து வந்து மாலையில் சமைத்தனர். ஊடுபயிராகவும் வரப்புப் பயிராகவும் நின்ற துவரை, தட்டைப்பயறு, மொச்சை ஆகியவை பச்சைக் காயாகவும் பயன்பட்டன. நிலம் இல்லாத கூலிக் குடும்பத்திற்கும் இக்கீரை இலவசமாகக் கிடைத்தது என்பது முக்கியம்.

இன்று பெரம்பலூர், மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களில் முன்னணியில் உள்ளது. கூலியாள் பற்றாக்குறையால் விதைத்த சில நாட்களுக்குள் அட்ரசின் களைக்கொல்லியைத் தெளிப்பது வழக்கமாகிவிட்டது. இம்மருந்து அகன்ற இலைக் களைகளை முளையிலேயே அழிக்கும். நாம் கீரை என்று பறித்தவை அனைத்தும் அகன்ற இலைச் செடிகளே. எனவே களையோடு கீரையும் போயிற்று. தட்டைப்பயறு போன்ற ஊடுபயிருக்கும் இம்மருந்து ஆகாது. 2018-ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தைப் படைப்புழு தாக்கிய பிறகு பூச்சிக்கொல்லித் தெளிப்பும் கூடியது. ஆகவே, அப்படியே முளைத்திருக்கும் கீரையையும் அச்சமின்றிப் பறிக்க இயலாது. விவசாயிகளைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மக்காச்சோளம் பல குடும்பங்களுக்கு வருமானம் தந்த பயிர். ஆனால் வயல் கொடுத்து வந்த கீரையை இனி வேறு எங்கிருந்தாவது பெற்றாக வேண்டும் என்பதை நாம் உணர வேண்டும்.

இது ஏன் அவசரமானது? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. அதாவது இருவரில் ஒருவருக்கு மேல். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி தேவை என்கிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு இது 2 கிலோ ஆகும். கூலி வருமானத்தில் தினமும் 2 கிலோ காய்கறியை விலை கொடுத்து வாங்குவது எளிதன்று.

இன்று தோட்டம் போடுவோர் யார்?

இன்று வீட்டுத் தோட்டக்காரர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர் கிராமத்து மூத்த பெண்கள். மகனும் மருமகளும் வேலை தேடி வெளியூரோ வெளிநாடோ சென்ற வீடுகளில் பழைய முறையைக் காத்து வருபவர்கள் இவர்களே. இவர்களுக்குப் பின் இத்தோட்டத்தையும் இவர்கள் கைவசமுள்ள விதையையும் ஏற்பவர் யார் என்பது பல வீடுகளில் விடையில்லாக் கேள்வியாக உள்ளது.

இரண்டாம் வகையினர் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் போன்ற நகரங்களில் மாடித் தோட்டம் அமைப்போர். பணி ஓய்வு பெற்றோரும் இளம் குடும்பத்தாரும் இதில் அடங்குவர். வீட்டுத் தோட்டத்தில் ஆண்கள் பெருமளவில் ஈடுபடத் தொடங்கியது இவ்வகையில்தான். பைகள், தென்னை நார்க்கழிவு, விதைப் பொட்டலம் ஆகிய அனைத்தையும் இவர்கள் விலைக்கு வாங்குகின்றனர். செய்முறையைக் கைப்பேசிக் காணொளியில் கற்கின்றனர். தமிழக அரசு 2013-14-இல் சென்னை, கோவை நகரங்களில் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியதும், பின்னர் அது பிற பகுதிகளுக்கும் விரிந்ததும் இதற்குத் தூண்டுதலாயின. 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது இந்த ஆர்வம் மேலும் பெருகியது.

மூன்றாம் வகையினர் தோட்டம் போட விரும்பியும் இயலாதவர்கள். இரண்டு, மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சும் இடம் ஒரு கட்டில் அகலமே உள்ள குடியிருப்புகள் பல. மாடி ஏறப் படியில்லாத வீடுகளும் உண்டு. காய்கறி மிகவும் தேவைப்படுவோருக்கு இடமும் நீரும் மிகக் குறைவாக உள்ளன என்பதே இம்மாற்றத்தின் வருந்தத்தக்க பக்கம். வீட்டுத் தோட்டம் பற்றிய பரிந்துரை இவர்களுக்கும் பயன்பட்டால்தான் முழுமை பெறும்.

அவசரத்தில் தொடங்கிய தோட்டம் நீடிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்கள் "வெற்றித் தோட்டம்" என்ற பெயரில் காய்கறி பயிரிட்டனர். 1945-இல் போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. 2020-இல் வாங்கிய பைகள் பல மாடிகளில் வெறுமையாகக் கிடப்பதும் இவ்வாறானதே. அன்றாட வேலையோடும் வீட்டு நீரோடும் பிணைந்த தோட்டமே நிலைக்கும்.

எவ்வளவு நீர், எவ்வளவு இடம்?

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 200 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 சென்ட் நிலம், மாதிரி வீட்டுத் தோட்டமாகப் பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வளவு இடம் பலருக்கு இல்லை. ஆகவே கையிலுள்ள நீரிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்.

காய்கறிப் பயிருக்குச் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் நீர் தேவை எனக் கொள்ளலாம். 1 சென்ட் என்பது 40 சதுர மீட்டர். இதற்கு 200 லிட்டர் வேண்டும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஒருவருக்கு 55 லிட்டர். ஐந்து பேருக்கு 275 லிட்டர். இதில் மூன்றில் இரு பங்கு கழிவுநீராக வெளியேறுவதாகக் கொண்டால் சுமார் 180 லிட்டர் கிடைக்கும். எனவே குடும்பத்தின் கழிவுநீரைக் கொண்டே ஏறத்தாழ 1 சென்ட் தோட்டத்தைக் காக்கலாம். கோடையில் தேவை கூடும். அப்போது சோளத்தட்டை, கரும்புச் சோகை, உலர்ந்த இலை ஆகியவற்றால் மூடாக்கு இட்டால் நீர் ஆவியாவது குறையும்.

ஆனால் இன்றைய கழிவுநீர் அன்றைய கழிவுநீர் அன்று. சாம்பல், புளி, சீயக்காய், அரப்பு ஆகியவற்றின் இடத்தைச் சோப்புத்தூள் பிடித்துக் கொண்டது. சோப்புத்தூளில் உள்ள சோடியம் மண்ணில் சேர்ந்தால் மண் இறுகிக் களர்த்தன்மை அடையும். எனவே துணி துவைத்த முதல் நீரைத் தோட்டத்தில் விடக்கூடாது. கடைசியாக அலசிய நீர், குளித்த நீர், அரிசி, காய்கறி கழுவிய நீர் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். குளித்த நீரை வாழை, சேம்பு, முருங்கைக்கு விடுக. கீரைக்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் அரிசி கழுவிய நீரும் நல்ல நீருமே ஏற்றவை.

ஒரு சென்ட் தோட்டத்தின் அமைப்பு

தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் முருங்கை 1, பப்பாளி 2, கறிவேப்பிலை 1 நடுக. வடக்கில் நட்டால் இவற்றின் நிழல் ஆண்டின் பெரும் பகுதியில் பாத்திகளின் மேல் விழாது. முருங்கையில் 1989-இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 விதை மூலம் வளர்ந்து ஓராண்டுக்குள் காய்க்கும். நீர் வெளியேறும் இடத்தில் வாழை இரண்டு போதும்.

10 சதுர மீட்டரைக் கீரைக்கென ஒதுக்குக. கோ 3 கீரை கிள்ளி எடுக்க ஏற்றது. விதைத்த 20 நாளில் முதல் கிள்ளுதல் தொடங்கி 90 நாள் வரை தொடரலாம். நல்ல பராமரிப்பில் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் 3 கிலோ வரை எதிர்பார்க்கலாம். அதாவது இப்பாத்தி 90 நாளில் 15 முதல் 30 கிலோ வரை கீரை தரும். நாளொன்றுக்குச் சராசரி 170 முதல் 330 கிராம். மடியில் பறித்து வந்த கீரைக்கு இது ஈடாகும். கீரையுடன் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் போன்ற புளிப்பைச் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.

அடுத்த 10 சதுர மீட்டரில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை சேர்த்து 25 செடிகள் வரை நடலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை ஒரே பாத்தியில் தொடர்ந்து நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் பெருகும். எனவே அடுத்த பட்டத்தில் அங்கு சின்ன வெங்காயம், கொத்தவரை எனப் பயிரை மாற்றுக. மீதியுள்ள இடத்தில் நடைபாதையும் எருக்குழியும் போக ஒரு சிறு பந்தல் அமைத்து அவரை, புடல், பீர்க்கு ஏற்றலாம்.

ஒரு கட்டில் அகலமே இடமுள்ளோர் ஒரு முருங்கை, சுவரோரம் இரு பாத்தி கீரை, கூரை மேல் ஒரு சுரைக்கொடி ஆகியவற்றோடு தொடங்கலாம்.

மண்ணும் மாடியும்

பெரம்பலூரின் கரிசல் மண்ணில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர் தேங்கி வேர் அழுகும். அரை அடி உயர மேட்டுப் பாத்தி அமைப்பது நல்லது. சுண்ணாம்பு மிகுந்த அரியலூர் நிலங்களில் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. 1 லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து 10 நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கவும்.

மாடித் தோட்டத்திற்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலக்கலாம். நார்க்கழிவை இருமுறை நீரில் அலசி உப்பைப் போக்கிய பின்னரே கலக்க வேண்டும். ஓரடிப் பை நனைந்த நிலையில் சுமார் 20 கிலோ எடை இருக்கும். ஆதலால் பைகளை மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர், உத்திரம் இருக்கும் ஓரங்களில் வைக்கவும். ஒரு முக்கிய எச்சரிக்கை: மக்காச்சோள வயலின் மண்ணைப் பைக்கு எடுக்கக்கூடாது. அட்ரசின் மண்ணில் சில மாதங்கள் தங்கும். அம்மண்ணில் கீரையும் அவரையும் முளைத்துக் கருகும்.

விதையும் மருந்தும்

விலைக்கு வாங்கும் பொட்டலத்தில் வீரிய ஒட்டு விதை இருந்தால் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல் விளையாது. எனவே விதை சேமிக்க விரும்புவோர் நாட்டு வகைகளையோ பல்கலைக்கழகம் வெளியிட்ட இரகங்களையோ தேர்ந்தெடுக்க வேண்டும். தக்காளி, அவரை ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை உடையவை. விதை எடுப்பது எளிது. சுரை, பூசணி, பீர்க்கு அயல் மகரந்தச் சேர்க்கை உடையவை. இவற்றில் பெண்பூவை மலரும் முன்பே காகிதப் பையால் மூடி, அதே வகையின் ஆண்பூவைக் கையால் தொட்டுச் சேர்த்து, மீண்டும் மூடினால் இனம் கலப்பதைத் தவிர்க்கலாம்.

பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் வாங்கி மிஞ்சிய மருந்தை வீட்டுத் தோட்டத்தில் தெளிக்கும் பழக்கத்தை அறவே கைவிட வேண்டும். நாம் அன்றாடம் பறித்து உண்ணும் காயில், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்களைக் கடைப்பிடிக்க வழியே இல்லை. மருந்து டப்பாவை நீர் ஊற்றும் குவளையாகப் பயன்படுத்துவதும் ஆபத்து. அசுவினி, இலைத்தின்னிப் புழுக்களுக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து 1 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதிச் சோப்பு கலந்து மாலையில் தெளித்தால் போதுமானது.

முடிவுரை

வயலில் இழந்த கீரையை வீட்டருகே மீட்பதே இன்றைய வீட்டுத் தோட்டத்தின் முதல் பணி. அதற்கு ஒரு சென்ட் நிலமும் வீட்டுக் கழிவுநீரும் பெருமளவு போதும். மூத்த பெண்களிடமுள்ள விதையையும் பட்ட அறிவையும் இளையோர் இப்போதே கேட்டுப் பெற வேண்டும். தண்ணீர் ஊற்றும் வேலையை அவர்கள் மேல் மட்டும் சுமத்தாமல் ஆண்களும் பகிர்ந்து கொள்ள வேண்டும். இடமில்லாத குடும்பங்களுக்குப் பள்ளி, அங்கன்வாடி வளாகங்களிலும் பொதுக் குழாயடியிலும் முருங்கையும் பப்பாளியும் நட ஊராட்சிகள் முன்வரலாம். மண் ஆய்வு, விதை, பயிற்சி ஆகியவற்றுக்குப் பெரம்பலூர் மாவட்டத்தினர் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தினர் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகிப் பயன் பெறலாம்.